பன்னிரண்டு முக்காடுகள், நாற்பத்தோரு தலைகள்

அந்தப் படத்தில் தானும் இருந்ததாகச் சொல்லும் இனம் ஒன்று உண்டு. இந்த இனம் எங்கள் ஹாடில்பரியில் விளைவதுபோல இங்கிலாந்தில் வேறெங்கும் விளைவதில்லை.

1967இல் லண்டனிலிருந்து ஒரு சினிமாக் கம்பெனி வந்து, தேவாலயத்துக்குப் பின்னால் உள்ள காட்டில் நான்கு நாள் தங்கி, ‘கொம்பனின் விருந்து’ என்ற திகில் படத்தை எடுத்துவிட்டுப் போனது. சாத்தானைக் கும்பிடும் கூட்டம், வெள்ளை உடையில் அலறும் பெண், கல்மேடை, கத்தி, போதாக்குறைக்கு ஒரு வெள்ளாடு. முக்காடு போட்டுச் சுற்றி நின்ற சீடர்கள் பன்னிரண்டு பேரும் உள்ளூர்க்காரர்கள். திரையில் எண்ணிப் பாருங்கள், பன்னிரண்டுதான். மதுக்கடையில் எண்ணிப் பாருங்கள்! நான் குடிவந்த முப்பது வருடத்தில் நாற்பத்தோரு பேரைச் சந்தித்துவிட்டேன். அவர்களில் இருவர் அப்போது பிறந்திருக்கவேயில்லை.

இவர்களைக் கண்டுபிடிப்பது சுலபம். சாத்தான், ஆடு, லண்டன், மழை என்று எந்த வார்த்தை காதில் விழுந்தாலும் கோப்பையைக் கீழே வைத்துவிடுவார்கள். “மழையா? இதெல்லாம் ஒரு மழையா? கொம்பனைக் கூப்பிடுற காட்சி எடுத்த அன்னிக்குக் கொட்டிச்சு பாருங்க!” என்பார்கள். ‘நடித்தேன்’ என்று ஒருபோதும் சொல்லமாட்டார்கள். “நாங்க அந்தப் படத்தைப் பண்ணும்போது” என்பார்கள்.

இவர்களின் மன்னர் டெஸ்மண்ட் வாட்லி. இரும்புக்கடை நடத்தி ஓய்வுபெற்றவர். நான் வந்த புதிதில் அவர் படத்தில் ஒரு மரத்துக்குப் பின்னால் நின்றிருந்தார். ஐந்து வருடத்தில் மரம் காணாமல் போனது. அப்புறம் வட்டத்தில் இடமிருந்து ஏழாவது ஆள். புது நூற்றாண்டு பிறந்தபோது, தலைமைப் பூசாரியிடம் பலிக்கத்தியை நீட்டுபவரே அவர்தான் என்று ஆகியிருந்தது. அந்தக் காட்சியில் முகம் தெரியாது. ஒரு கை மட்டும் மசமசவென்று தெரியும்.

“முகத்தை வச்சு எவனும் நடிப்பான். கை நடிக்குது பாருங்க!” என்பார் டெஸ்மண்ட்.

ஒவ்வோர் அக்டோபரிலும் ஒரு சனிக்கிழமை மதியம் ஊர் மண்டபத்தில் அந்தப் படத்தைப் போடுவார்கள். பழைய திரைச்சீலையில் தைத்த கறுப்பு அங்கியோடு டெஸ்மண்ட் முன்வரிசையில் உட்காருவார். படத்துக்கு முன் அரைமணி நேரம் பேசுவார். கத்தி வந்ததும் எழுந்து, “நிறுத்துங்க! இதோ நான்!” என்பார். படம் நிற்கும். கைதட்டுவோம். ஆம், நானும் தட்டியிருக்கிறேன். வேறு என்ன செய்வது?

ஐம்பதாவது வருடம் வந்தது. கூடவே, அழுக்கு நீக்கிச் சுத்தம் செய்த புதிய பிரதியும் வந்தது. பழைய பிரதியில் கரிமூட்டைக்குள் நடந்ததுபோலத் தெரிந்த படம், இப்போது இலை இலையாகத் தெரிந்தது.

“நிறுத்துங்க! இதோ நான்!”

நின்றது. கதவளவு பெரிதாகத் திரையில் ஒரு கை. மெலிந்த விரல்கள், சிவப்பு நகப்பூச்சு, உள்பக்கம் கொக்கிபோல வளைந்த சுண்டுவிரல்.

மண்டபத்தில் பாதிப் பேர் அந்தச் சுண்டுவிரலிடம் தபால்தலை வாங்கியவர்கள். எல்லாத் தலையும் பின்வரிசைக்குத் திரும்பியது. அங்கே தபால் நிலையத்தில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்த வினிஃப்ரெட் சாலிஸ், கையைக் கோட்டுப் பைக்குள் ஒளித்துக்கொண்டிருந்தார்.

“வினி, இது உன் கையா?” என்றார் பக்கத்திலிருந்தவர்.

“ஆமா. எங்கப்பா ஜெபக்கூடத்துல பிரசங்கி. இந்தப் படத்தை மூணு வாரம் திட்டித் தீர்த்தாரு. அவர் இருந்தவரைக்கும் வாயத் திறக்க முடியல. அப்புறம் பார்த்தா டெஸ்மண்ட் சொல்ல ஆரம்பிச்சுட்டான். அவ்வளவு சந்தோஷமா சொல்றவன்கிட்ட எப்படிப் பிடுங்குறது?”

“அப்போ டெஸ்மண்ட் எங்க நின்னான்?”

வினிஃப்ரெட் தயங்கினார். “அவன் பேரும் பட்டியல்ல இருந்துச்சு. அந்த வாரம் பார்த்துப் பொன்னுக்கு வீங்கி வந்துருச்சு. முகம் பூசணிக்கா மாதிரி. நான் போட்டிருந்தது அவனுக்குத் தச்ச அங்கிதான்.”

பின்னாலிருந்து ஒரு குரல்: “யோவ் டெஸ்மண்ட், வீக்கமாவது நல்லா நடிச்சுதா?”

மண்டபம் குலுங்கியது. டெஸ்மண்ட் சிரிக்கவில்லை. அங்கியைக் கழற்றி, மடித்து, அக்குளில் வைத்துக்கொண்டு போய்விட்டார். ஐம்பது வருடம் முன்பு, வீங்கிய கன்னத்தோடு கட்டிலில் கிடந்து, காட்டிலிருந்து வந்த அலறலைக் கேட்ட பையனை நினைத்து எனக்கு நெஞ்சு கனத்தது.

சரியாக நான்கு நாள் கனத்தது.

புதன்கிழமை மதுக்கடையில் அவர் குரல் கேட்டது. “அந்தக் கைக்குப் பயிற்சி குடுத்தது யாருன்னு நினைக்கிறீங்க? உடம்பு நெருப்பாக் கொதிக்குது, நான் ஜன்னல் வழியா வினிக்குச் சொல்லிக்குடுக்குறேன்: கத்தியைக் குடுக்காத வினி, சமர்ப்பி!”

அடுத்த மேசையில் வினிஃப்ரெட் இருந்தார். “ஜன்னல் சாத்தியிருந்துச்சு டெஸ்மண்ட்.”

“கண்ணாடி வழியாத்தான் சைகை காட்டினேன்!” என்றார் டெஸ்மண்ட், இமைகூடக் கொட்டாமல். நான்கு பேர் தலையாட்டினார்கள். அந்த மாதமே மூன்று பாட்டிகள், முக்காட்டுக்குள் இருந்தது தாங்கள்தான் என்று கிளம்பிவிட்டார்கள்.

அற்பப் பிறவிகள் என்று சிரிக்கிறீர்கள் அல்லவா? தாராளமாகச் சிரியுங்கள். ஒன்றை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். விருந்தாளிகள் முன்னால், அந்தப் பெரிய கூட்டத்தில் நடந்ததை, அந்த வெள்ளத்தில் நீங்கள் செய்ததை, ஆரம்பிப்பீர்களே... அப்போது உங்கள் வீட்டில் ஒருவர், ஏதோ அடுப்பில் இருப்பதுபோல, மெதுவாக எழுந்து உள்ளே போகிறாரா?

அடுப்பில் ஒன்றும் இல்லை. அன்றைக்கு அவரும் உங்கள் கூடத்தான் இருந்தார்.