பத்து மணிக்கு விடிந்த மார்கழி

படித்தவன் செய்கிற தப்புக்குச் சத்தம் அதிகம். என் தப்பு கோயில் குழாய் ஸ்பீக்கர் வழியாகவே வெளியே வந்தது.

ராமநாதபுரம் ஜில்லாவில், சிக்கல் பக்கம் எங்கள் ஊரில், மார்கழி முழுக்க அதிகாலை நாலரைக்குக் கோயில் மைக்கில் பாட்டுப் போட வேண்டும். நாளுக்கு ஒரு வீட்டு முறை. முந்தின வருஷம் எங்கள் முறையன்று அய்யா, அதாவது என் அப்பா, தூங்கிப்போனார். "படிச்ச பயல வச்சுக்கிட்டு ஒரு நா எந்திரிக்க முடியல" என்று டீக்கடையில் வருஷம் பூராவும் பேச்சு. (குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். அய்யா தூங்கினாலும் பழி என் படிப்புக்குத்தான்.)

அந்த வாய்களை அடைத்தே தீருவது என்று ராமநாதபுரத்தில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கி, கோயில் ஆம்ப்ளிஃபயரோடு இணைத்தேன். அதற்குள் ஒரு குட்டிக் கடிகாரம் உண்டு. பெட்டி அணைந்திருந்தாலும் பட்டன் பேட்டரியில் அது ஓடும். அதில் நேரம் குறித்தால் பெட்டி தானே எழுந்துகொள்ளும். நாலரை என்று குறித்தேன். பாட்டுக்கு முன்னால் என் குரலையும் பதிந்துவைத்தேன்.

"எதுக்கும் எந்திரிச்சுப் போயி ஒரு எட்டு பாத்துக்கிறியா?" என்றார் அய்யா.

"எந்திரிக்காம இருக்கத்தான்யா இந்த மெஷினே."

எங்கள் முறையன்று நாலரைக்குப் படுத்தபடியே காதைத் தீட்டினேன். சத்தமில்லை. நாலே முக்காலுக்கும் இல்லை. அய்யா துண்டை உதறித் தோளில் போட்டார். கோயிலுக்கு ஓடினேன். பூட்டிய கதவின் முன் பூசாரி நின்றிருந்தார்.

"ஏலே, எதுத்த வீட்டுச் சேது அண்ணன் தவறிட்டாக. பாடை ஊர் எல்லையத் தாண்டுற வரைக்கும் நடையத் தொறக்கக் கூடாது. நல்லவேள, தெரிஞ்சு பாட்ட நிறுத்துன. படிச்ச பிள்ளன்னா இப்படி இருக்கணும்."

('எனக்கு ஒன்றும் தெரியாது' என்று சொல்லியிருக்கலாம். அடக்கமாகத் தலையை ஆட்டினேன்.)

பாராட்டு ஊரைச் சுற்றியது. இழவு வீட்டில் அய்யாவுக்கு முன்வரிசை நாற்காலி கிடைத்தது.

சேது பெரியப்பா தூக்கத்துக்குப் பேர்போனவர். எதிரே குழாய் அலறினாலும் எட்டு மணி வரை புரளமாட்டார். பத்து மணிக்குச் சங்கு ஊதினார்கள். நாலு பேர் பாடையைத் தூக்கக் குனிந்தார்கள். குழாய் கரகரத்தது. என் குரல்.

"அன்பான ஊர் மக்களே, பொழுது விடிந்துவிட்டது. இன்னும் படுத்திருப்பவர்கள் உடனே எழுந்திருக்கவும். இன்றைய முறை, கருப்பையா குடும்பத்தார்."

குனிந்தவர்கள் அப்படியே நின்றார்கள். ஒருவர் மட்டும் பெரியப்பாவை ஒருமுறை உற்றுப் பார்த்துக்கொண்டார். கருப்பையாவாகிய என் அய்யா, நாற்காலியிலிருந்து மெல்ல இறங்கித் தரையில் உட்கார்ந்தார்.

பெரியம்மா அழுகையை நிறுத்தி மூக்கைத் துடைத்தார். "நாப்பது வருசமா நானும் இதத்தான் சொல்லி எழுப்புனேன். அசையமாட்டாக. தூக்குங்கப்பா."

பாட்டு தொடங்கிவிட்டது. பெட்டி கோயிலுக்குள்; நிறுத்த நடை திறக்க வேண்டும். நடை திறக்கப் பாடை ஊர் எல்லையைத் தாண்ட வேண்டும். எங்கள் ஊரில் அவ்வளவு வேகமாகப் போன பாடை வேறில்லை.

அந்தக் குட்டிக் கடிகாரம் லண்டன் நேரத்தில் ஓடியிருக்கிறது. அங்கே நாலரை என்றால் இங்கே பத்து. நேரம் குறித்த அதே திரையின் மேலேயே அந்த லண்டன் நேரம் ஓடிக்கொண்டிருந்தது, நான்தான் பார்க்கவில்லை.

விடவில்லை. திருத்தினேன். மறுவருஷத்திலிருந்து பெட்டி நாலரைக்குத் துல்லியமாக எழுகிறது. ஆனால் ஊரில் யாராவது தவறினால், பூசாரி நடை சாத்துமுன் அதன் பவர் வயரைப் பிடுங்கி அய்யாவிடம் கொடுத்துவிடுகிறார். அய்யா அதைத் துண்டு மாதிரித் தோளில் போட்டுக்கொண்டு இழவு வீட்டுக்குப் போகிறார். அவர் தோளைப் பார்த்த பிறகுதான் பாடையைத் தூக்குகிறார்கள்.