அடையாளப் பாதுகாப்பு வாரமும் எங்க மேனேஜர் குரலும்

மனுஷங்களோட அடையாளத்தை போன்ல பேசி ஏமாத்தற திருடனுங்ககிட்டேர்ந்து காப்பாத்தறதுக்குன்னே பிறந்தவர் ஒருத்தர் இருக்கார்னா, அது எங்க லிஃப்ட் சர்வீஸ் கம்பெனி மேனேஜர்தான். சும்மா சொல்லல. 'அடையாளப் பாதுகாப்பு வாரம்'னு ஒண்ணை அறிவிச்சு, என்னை அதுக்கு 'தூதரா' நியமிச்சதே அவர்தான். தூதர்னா போஸ்டர் ஒட்டறவன்.

போஸ்டர் நானே டைப் பண்ணது, செம தெளிவா இருக்கும். திருடன் அவசரப்படுத்துவான். மிரட்டுவான். யார்கிட்டயும் கேக்காதேம்பான். மூணும் இருந்தா போனை வை, உனக்குத் தெரிஞ்ச நம்பருக்கு நீயே கூப்பிட்டுக் கேளு. அவ்ளோதான். திங்கக்கிழமை மீட்டிங்ல சார் அதை ரெண்டு தடவை வாசிச்சு, ரெண்டு தடவையும் அவரே கைதட்டினார்.

செவ்வாய்க்கிழமை ரிசப்ஷன் அக்காவுக்குத் தெரியாத நம்பர்லேர்ந்து ஒரு கால். லிஃப்ட்ல மாட்டிக்கிட்டு கத்தறவங்க எல்லாரும் பத்து வருஷமா அக்காகிட்டதான் கத்தறாங்க. அதனால அந்த போன்ல பேசறது எல்லாம் ரெக்கார்ட் ஆகும். அக்காவும் எந்தக் கத்தலுக்கும் அசைய மாட்டாங்க.

"ஸ்டாஃப் எல்லாரோட அடையாள அட்டை காப்பியும் பத்து நிமிஷத்துல இந்த நம்பருக்கு வரணும்."

"நீங்க யாரு சார்?"

"யாரா? உன் வேலை போயிடும். எவன்கிட்டயும் கேட்டுக்கிட்டு நிக்காத, அனுப்பு."

அக்கா போஸ்டரைப் பார்த்து மூணு விரலை மடக்கினாங்க. "பதட்டப்படாதீங்க. மூச்சை நல்லா இழுத்து விடுங்க"ன்னு சொல்லி போனை வச்சிட்டாங்க. உடனே சார் நம்பருக்குக் கூப்பிட்டாங்க. ஸ்விட்ச் ஆஃப்.

ஏன்னா, சார்ஜ் தீர்ந்து போய் மச்சினன் போன்லேர்ந்து கத்தினதே சார்தான். 'என் அடையாளம் பத்திரம்'னு கழுத்துல மாட்டிக்க எல்லாருக்கும் பேட்ஜ் அடிக்கறாராம். அதுல போட்டோ, பிறந்த தேதி, அட்டை நம்பர் எல்லாம் பெரிய எழுத்துல வரும். எதிர்த்த பஸ் ஸ்டாப்லேர்ந்தே படிக்கலாம். அவ்ளோ பாதுகாப்பு.

அன்னிக்கே அக்காவுக்கு மெமோ. 'மேலதிகாரியின் குரலை அடையாளம் காணத் தவறிய குற்றம்.' விசாரணை முடியற வரைக்கும் ஸ்டோர் ரூம்ல கேபிள் எண்ணணும்.

"அக்கா, ஒரு சாரி கேட்டுடுங்களேன்"னேன்.

"எதுக்குடா? உன் போஸ்டரைப் படிச்சதுக்கா?" கொஞ்ச நேரம் கேபிளை எண்ணினாங்க. "பொண்ணு இப்பதான் காலேஜ் சேர்ந்திருக்கா. இந்த வேலையும் போச்சுன்னா..." எண்ணிக்கை விட்டுப்போச்சு. மறுபடி ஒண்ணுலேர்ந்து ஆரம்பிச்சாங்க.

புதன்கிழமை புது சர்க்குலர். 'மேனேஜர் குரலில் வரும் அழைப்புகளுக்குக் கேள்வியின்றி ஒத்துழைக்கவும்.' என் போஸ்டர் மேலயே அதை ஒட்டினேன். தூதர் கடமை.

வெள்ளிக்கிழமை ரிசப்ஷன் சீட்ல நான். போன் அடிச்சுது.

"எல்லா ஸ்டாஃபோட அட்டை காப்பியும் வேணும், இப்பவே. புது நம்பர் சொல்றேன், எழுதிக்க. யாரையும் கேக்க வேண்டாம். கொஞ்சம் சீக்கிரம்பா."

சார் குரல் மாதிரிதான் இருந்துச்சு. அந்த 'பா'தான் லேசா இடிச்சுது. பாதுகாப்பு வாரம்னு அன்பா பேசறார் போலன்னு நினைச்சு, எழுந்து நின்னே அனுப்பிட்டேன்.

அரை மணி நேரத்துல சார் பேட்ஜ் மூட்டையோட வந்தார்.

"சார், நீங்க கேட்டதை அனுப்பிட்டேன்."

"நான் என்ன கேட்டேன்?"

சாயங்காலத்துக்குள்ள எங்கள்ல ஆறு பேர் பேர்ல, எங்களுக்கே தெரியாம யாரோ சிம் கார்டு வாங்கியாச்சு. என் பேர்ல மட்டும் ரெண்டு.

சனிக்கிழமை இன்ஸ்பெக்டர் அம்மா வந்தாங்க. மீட்டிங் ரூம்ல முப்பத்தெட்டு பேரும் பேட்ஜோட உக்காந்திருந்தோம். சார் கையில அக்காவை வேலையை விட்டு நீக்கற லெட்டர் ரெடியா இருந்துச்சு.

"எல்லாத்துக்கும் காரணம் இந்தம்மாதான் மேடம். போனை டக்குன்னு வைக்கற பழக்கத்தை இவங்கதான் ஆரம்பிச்சு வச்சாங்க."

"நான் போனை வைக்கவே இல்லையே சார்"னேன்.

"நீ பேசாத."

இன்ஸ்பெக்டர் அம்மா ரிசப்ஷன் போன் ரெக்கார்டிங்கை எடுத்து மேஜையில வச்சாங்க. "இந்த வாரம் அட்டை காப்பி கேட்டு ரெண்டு கால் வந்திருக்கு. ரெண்டையும் கேளுங்க."

முதல் குரல்: "யாரா? உன் வேலை போயிடும். எவன்கிட்டயும் கேட்டுக்கிட்டு நிக்காத, அனுப்பு."

ரெண்டாவது குரல்: "யாரையும் கேக்க வேண்டாம். கொஞ்சம் சீக்கிரம்பா."

"இதுல திருடன் யாரு?"

நாங்க எல்லாரும் தரையில டைல்ஸைப் பார்த்தோம். சார் மட்டும் எழுந்தார்.

"முதல் ஆள்தான் மேடம். கேட்டாலே தெரியுதே. அவசரப்படுத்தறான், மிரட்டறான், யார்கிட்டயும் கேக்காதேங்கறான். இவனை விடவே கூடாது."

இன்ஸ்பெக்டர் அம்மா முதல் ரெக்கார்டிங்கை மிச்சமும் ஓட விட்டாங்க. "பதட்டப்படாதீங்க. மூச்சை நல்லா இழுத்து விடுங்க"ன்னு அக்கா குரல்.

சார் மூச்சே விடல. மெதுவா உக்காந்தார். கையில இருந்த லெட்டர் நாலா மடிஞ்சு, எட்டா மடிஞ்சு, சட்டைப் பைக்குள்ள போயிடுச்சு.

அக்கா திரும்ப ரிசப்ஷன் சீட்டுக்கே வந்துட்டாங்க. சிம் வாங்கினவன் இன்னும் சிக்கல. ஆனா எங்க சார் பெருமையை யாரும் குறைச்சுப் பேசக் கூடாது. பத்து வருஷமா தினம் அந்தக் குரலைக் கேட்டும் நாங்க முப்பத்தெட்டு பேர் வாயைத் திறக்கல. ஒரே ஒரு தடவை கேட்டதுக்கே, எழுந்து நின்னு, ஆளைச் சரியா அடையாளம் காட்டினவர் அவர் ஒருத்தர்தான்.