முப்பது டிகிரி கோணத்தில் ஒரு காதல்

மணி மூன்று. நாலு மணிக்குள் திருத்திய அத்தியாயம் வராவிட்டால் தொடரை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவதாக இணைய இதழின் ஆசிரியர் எழுதிவிட்டார். முகம் தெரியாத ஆசிரியர். பெயர்கூடப் போடுவதில்லை, சிவப்பு எழுத்தில் குறிப்பு மட்டும் வரும்.

நில அளவையர் உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். பதினோரு வருஷமாக மனைவிக்குத் தெரியாமல் எழுதியெழுதி, இப்போதுதான் முதல் தொடர் வெளியாகிறது. வயது வந்தவர்களுக்கு மட்டும். நாற்பதைத் தாண்டிய வக்கீலும் பல் டாக்டரும், கணவன் மனைவி, மனமொத்துப் பின்பக்கத்தில் அடித்துக் கொஞ்சிக்கொள்ளும் காதல் கதை. விஷயம் சூடுதான். எழுத்துதான் சில்லிட்டுக் கிடந்தது.

'வக்கீல் தன் வலது கையை முப்பது டிகிரி கோணத்தில், இருபத்தைந்து சென்டிமீட்டர் உயரத்துக்குத் தூக்கினார்.'

ஓரத்தில் சிவப்பு: 'அடிக்கு முன்னால் என்ன நடக்கிறது? மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன்.'

"அதான் அளந்து குடுத்திருக்கேனே!" என்று அளவையர் திரையைப் பார்த்துப் புலம்பினார்.

ஒருவேளை உயரம் தப்போ? சோபா மெத்தையை நாற்காலிமேல் சாய்த்து, அளவுநாடா பிடித்து, ஓங்கி ஒன்று வைத்தார். தொப்பென்றது. கொஞ்சலாகவே இல்லை. நாற்பது சென்டிமீட்டரிலிருந்து செருப்பால் ஒன்று வைத்தார்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "என்னங்க பண்றீங்க?"

"தூ... தூசி தட்டறேன்."

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் தூசி கண்ணுல பட்டுச்சா?"

கேலியாகச் சொன்னாளே தவிர முகம் மலர்ந்துவிட்டது. கட்டில் மெத்தை, ஆறு தலையணை, ஜன்னல் திரை எல்லாம் கொண்டுவந்து குவித்தாள். மணி மூன்றரை. சீக்கிரம் முடித்துத் தொலைக்கலாம் என்று அளவையர் கண்மண் தெரியாமல் வெளுத்தார். அறை முழுக்கத் தூசி மண்டியது. மனைவிக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது.

"ஐயோ! போதுங்க! விட்டுடுங்க!"

அழைப்பு மணி அடித்தது.

கீழ்வீட்டு அம்மா. குடிவந்து இரண்டு மாதம். யாரோடும் அதிகம் பேசாதவர். தலைமேல் ஏற்றிய கண்ணாடி, கையில் போன். உள்ளே பார்த்தார். மனைவியின் கண் சிவந்து, மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

"உங்கள அடிக்கிறாராம்மா?"

"இல்லம்மா, தூசி."

"எல்லாரும் இப்படித்தான் ஏதாவது சொல்றாங்க. சார், கையில எதுக்குச் செருப்பு?"

"அளந்துதாங்க அடிச்சேன்! நாற்பது சென்டிமீட்டருக்கு மேல போகவே இல்ல!"

அந்த அம்மா போலீசுக்குப் போன் பண்ண விரலைக் கொண்டுபோனார். மணி மூன்று ஐம்பது. மானம் போனாலும் தொடர் பிழைக்கட்டும் என்று அளவையர் மடிக்கணினியைத் தூக்கிவந்து நீட்டினார். "கதைங்க! கதை எழுதறேன்! அதுக்குத்தான் மெத்தைய அடிச்சுப் பார்த்தேன்!"

மனைவி தோளுக்குமேல் எட்டிப் படித்தாள். "வேற யாரோ ஒருத்தி இருக்கான்னு பயந்துகிட்டு இருந்தேன். இவ்வளவுதானா?" என்று பெருமூச்சு விட்டவள், அடுத்த வரியில் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

கீழ்வீட்டு அம்மா கண்ணாடியை இறக்கி மாட்டினார். ஒரு பக்கம் படித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அடுத்த பக்கம் போனார். அளவையருக்கு உள்ளங்கை வேர்த்தது, காது சூடானது, நாக்கு ஒட்டிக்கொண்டது. எதையாவது சொல்லித் தொலைக்கமாட்டாரா என்றிருந்தது. சொல்லிவிடுவாரோ என்றும் இருந்தது.

அந்த அம்மா நிமிர்ந்து அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"இப்ப நான் என்ன சொல்லப்போறேனோன்னு துடிச்சுகிட்டு நின்னீங்களே, அதைத்தான் சார் அடிக்கு முன்னால எழுதுங்கன்னு மூணு தடவை சிவப்புல கேட்டேன்."