பனிக்கூரைக் குழுவின் சாதனை

மனிதகுலம் குகையை விட்டு வெளியே வந்த நாள் முதலாக, கூரையைப் பற்றி எங்கள் கம்பெனி யோசித்த அளவுக்கு யாரும் யோசித்ததில்லை. துபாயில் பனிமலைக் கூரை போட்ட பெருமை எங்களுடையது. பனிக்கூரைக் குழுவின் செயலாளர் என்ற முறையில் இதைச் சொல்ல எனக்கு முழு உரிமை உண்டு. சொல்லாவிட்டால் எனக்குத் தலையே வெடித்துவிடும்.

மால் ஒன்றுக்குள் செயற்கைப் பனிமலை. அதன் உச்சியில் ஒரு மரவீடு. அந்த வீட்டுக்குத்தான் கூரை. மாலுக்கே மேலே ஒரு கூரை இருக்கிறதே என்று கேட்கும் குதர்க்கவாதிகளைக் குழுவில் சேர்க்கவில்லை. ஓடா, பலகையா, தகடா என்று பிஸ்கட் தீரும்வரை விவாதித்தோம். பனி தேங்கினால் பாரம், உருகினால் ஒழுகல். ஆகவே பனி தங்காமல் வழுக்கி விழும்படி செங்குத்தான சரிவில் கல் ஓடு என்று முடிவானது.

பனியும் கட்டளைப்படி வழுக்கி விழுந்தது. மொட்டைக் கூரையை யார் போட்டோ எடுப்பார்கள்? குழு மறுபடி கூடி, விழுந்த பனியை அள்ளித் திரும்பக் கூரையில் அப்புவதற்குக் கார்மேகத்தை நியமித்தது. ராமநாதபுரத்துக்காரர். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு அப்புவார், அது வழுக்கும், மறுபடி அப்புவார். இதற்குப் பெயர் "பராமரிப்பு".

அப்படிப்பட்டவர் ஒருநாள் கூட்டத்துக்கு நடுவில் வந்து நின்று, சோனாப்பூரில் உள்ள எங்கள் கம்பெனியின் தொழிலாளர் கேம்ப்பில் தன் ரூம் கூரையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

"சார், போன மழைக்கே தகரம் விட்டுப்போச்சு. சீலிங் என் கட்டிலுக்கு மேல தொங்குது. கீழ்க்கட்டில்ல ஜெயமணி படுத்திருக்கான். விழுந்தா ரெண்டு பேரும் செத்தோம் சார்."

மேலாளர் ஆனந்தராசா யாழ்ப்பாணத்துக்காரர், பொறுமைசாலி. "கார்மேகம், இஞ்ச மழை எப்பவாவது ஒருக்காத்தான் பெய்யும். எங்கட மலையில ஒவ்வொரு நாளும் பனி பெய்யுது. எதை முதல்ல பாக்கிறது, நீரே சொல்லும்."

கார்மேகம் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு மலைக்குத் திரும்பினார். மனுஷனுக்கு முகம் செத்துப்போனது. எனக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. டீ குடித்ததும் சரியாகிவிட்டது.

பிறகு ஒருநாள் நன்றிகெட்ட மழை கொட்டியது. ரோடெல்லாம் வெள்ளம். மாலுக்கு ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. அதற்காகக் கூரையில் பனி குறையலாமா? கார்மேகத்துக்கு டபுள் டூட்டி போட்டோம். அன்று மதியம் கேம்ப் கூரை அவருடைய காலிக் கட்டிலில் விழுந்தது. கட்டில் முறிந்து, நைட் டூட்டி முடித்துக் கீழே தூங்கிக்கொண்டிருந்த ஜெயமணியின் மேல் விழுந்தது. வலது தோள் நொறுங்கிவிட்டது. இனி அந்தக் கை சுமை தூக்காது என்கிறார்கள்.

அவசரக் கூட்டம் போட்டோம். "இனியாவது கூரைய மாத்துவீங்களா சார்?" என்று கார்மேகம் கேட்டார்.

"உம்மட உயிரைக் காப்பாத்தினது எது? எங்கட பனிக்கூரை" என்றார் ஆனந்தராசா. கைதட்டினோம்.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. இனி மழை பெய்தால் கேம்ப்பில் உள்ள அனைவருக்கும் பனிக்கூரையில் டபுள் டூட்டி. கேம்ப் கூரை விழும்போது அடியில் ஆள் இல்லாமல் பார்த்துக்கொண்டால், கூரையை மாற்ற வேண்டிய அவசியமே இல்லை அல்லவா? இத்தனை எளிய பராமரிப்பை வேறு எந்தக் கம்பெனி கண்டுபிடித்திருக்கிறது?

ஒத்துழைக்காதவர் ஜெயமணி ஒருவர்தான். கூரை விழும் நேரத்தில் அதன் அடியில் தூங்கியது ஏன் என்று அவரிடம் விளக்கம் கேட்டிருக்கிறோம். எழுதிக் கொடுக்கக் கை வராது என்பதால், வாயால் சொன்னால் போதும் என்று சலுகையும் கொடுத்திருக்கிறோம்.