டாக்டரம்மாவுக்குப் பதிலாக நான் எழுதிய பரீட்சை

இரண்டு காலையும் நீட்டிப் போட்டு, சீனி போடாத காபியைக் குடித்துக்கொண்டு இதைச் சொல்கிறேன். சீனி ஏன் இல்லை என்பது போகப் போகத் தெரியும்.

நான் விஜயபாண்டி, வயது நாற்பத்தெட்டு. பந்தல்குடியில் தூத்துக்குடி ரோட்டோரம் டயர் கடை வைத்திருக்கிறேன். லோடு ஏற்றிய லாரியையே ஜாக்கி போட்டுத் தூக்குகிறவன். என் மனைவி நாகஜோதி அருப்புக்கோட்டையில் டாக்டர். அவள் ஊசியோடு இந்தப் பக்கம் வந்தால் நான் கட்டிலுக்கு அடியில் இருப்பேன். மூன்று வருஷமாக ஒரு சபதத்திலும் இருந்தேன். ஊரே அவளிடம் கையை நீட்டட்டும், என் உடம்பிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் போகாது!

காரணம் இல்லாமல் இல்லை. என் அப்பாவுக்குச் சர்க்கரை. முதலில் ஒரு விரலை எடுத்தார்கள். அப்புறம் பாதம். அப்புறம் முழங்காலுக்குக் கீழே எல்லாம். டெஸ்ட் எடுக்காதவரை மனிதர் நன்றாகத்தான் இருந்தார், எடுத்த அன்றைக்குத்தான் நோயாளி ஆனார் என்பது என் கணக்கு. தப்பான கணக்குதான். ஆனால் பயத்தில் இருக்கும்போது அதுதான் சரியென்று படுகிறது.

அப்படி இருக்கையில் ஒரு நாள் சாயங்காலம் கடையிலிருந்து பைக்கில் வீட்டுக்கு வந்து, வாசலில் செருப்பைக் கழற்றப் போனேன். இடது காலில் இருந்தது. வலது காலில் இல்லை. பந்தல்குடியிலிருந்து அருப்புக்கோட்டை வீடு வரைக்கும் வெறுங்காலால் பிரேக்கை மிதித்துக்கொண்டு வந்திருக்கிறேன். எனக்கே தெரியவில்லை!

"செருப்பு எங்கங்க?" என்றாள் நாகஜோதி.

"கோயில்ல எவனோ தூக்கிட்டுப் போயிட்டான்."

"ஒத்தச் செருப்பையா?"

"அவனுக்கு ஒத்தக் காலு போல."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அப்பா ஞாபகம் வந்துவிட்டது. அவள் என் காலை ஒரு பார்வை பார்த்தாள். டாக்டர் மனைவியின் பார்வையைப் போலப் பயமுறுத்துவது எதுவும் கிடையாது.

நாலு நாள் கழித்து என்னிடம் வந்தாள்.

"என்னங்க, டாக்டருங்கல்லாம் பதிவப் புதுப்பிக்கணும்னா ஆன்லைன்ல இத்தன மணி நேரம்னு பாடம் படிக்கணும். நடுநடுவுல கேள்வி வரும். ஆஸ்பத்திரியில எனக்குக் கூட்டம் தள்ளுது. ஞாயித்துக்கெழம ஒரே ஒரு பாடத்துக்கு நீங்க உக்காந்து பதில அமுக்குறீகளா?"

"நானா? நான் பத்தாங்கிளாசு!"

"அத வெளிய சொல்லாதீக. பாடம் பாதி தமிழ்லதான் நடத்துறாக. கேட்டா வெளங்கும்."

என் மூளை வேலை செய்தது. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்கு என்னால் ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது. விடுவேனா?

"உக்காருறேன். ஆனா ஒரு கண்டிசன். இன்னும் ஒரு வருசத்துக்கு ரத்த டெஸ்ட்டுங்கிற வார்த்த உன் வாயில இருந்து வரக்கூடாது."

"சரி."

"எழுதிக் குடு."

மருந்துச் சீட்டில் எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்தாள். அவள் எழுத்து வழக்கமாக மருந்துக்கடைக்காரருக்கு மட்டும்தான் புரியும். இது முத்து முத்தாக இருந்தது. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு என்னை எழுப்பி லேப்டாப் முன்னால் உட்கார வைத்தாள்.

"காபி?"

"லேப்டாப்பு மேல கொட்டிரும். பாடம் முடியட்டும்."

"ரெண்டு இட்லி?"

"கையெல்லாம் எண்ணெயாயிரும்."

"ஒரேயொரு கருப்பட்டி மிட்டாய்?"

"எறும்பு வரும். தண்ணி குடிங்க."

பட்டனை அமுக்கிவிட்டு அடுப்படிக்குப் போனாள். திரையில் தலைப்பு வந்தது: 'சர்க்கரை நோயும் பாதமும்.'

"ஏ நாகு! சளி, தும்மல்னு வேற பாடம் கெடையாதா?"

"இன்னைக்கு இதுதாங்க!"

கண்ணாடி போட்ட ஒரு பெரிய டாக்டர் பேசினார். "வலிக்குதுன்னு வர்ற நோயாளியைப் பத்தி நான் கவலைப்பட மாட்டேன். வலியே இல்லைங்கிறவர்தான் ஆபத்துல இருக்கார். செருப்பு கழன்றதுகூட அவருக்குத் தெரியாது." என்னையே பார்த்துச் சொன்ன மாதிரி இருந்தது. காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டேன்.

மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு, கண்ணை மூடியிருக்கும் நோயாளிக்குத் தெரிகிறதா என்று கேட்க வேண்டுமாம். நைலானுக்கு எங்கே போவேன்? விளக்குமாற்றில் ஓர் ஈர்க்குச்சியை உருவினேன். கண்ணை இறுக மூடிக் குத்தினேன். ஒன்றும் தெரியவில்லை. இன்னும் அழுத்திக் குத்தினேன். சுத்தமாகத் தெரியவில்லை! போச்சு, அப்பா கால் மாதிரியே போச்சு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. கண்ணைத் திறந்தேன். நாற்காலிக் காலைக் குத்திக்கொண்டிருந்தேன்.

சிரித்துவிட்டு என் காலிலேயே குத்திப் பார்த்தேன். சுண்டு விரலில் சுருக்கென்றது. கட்டை விரலில் ஒன்றுமில்லை. சிரிப்பு நின்றுவிட்டது.

அந்த நேரம் பார்த்துக் கேள்வி வந்தது. 'நாற்பத்தெட்டு வயது ஆண். செருப்பு கழன்றதை உணரவில்லை. தந்தைக்குச் சர்க்கரை நோய். நீங்கள் என்ன செய்வீர்கள்? அ) ஆறு மாதம் கழித்து வரச் சொல்வேன். ஆ) செருப்பை மாற்றச் சொல்வேன். இ) சத்து மாத்திரை கொடுப்பேன். ஈ) உடனே ரத்தப் பரிசோதனை செய்வேன்.'

எனக்கு 'ஆ' பிடித்திருந்தது. வாரெல்லாம் தளர்ந்த செருப்புதானே? அமுக்கினேன். 'தவறு. பாடத்தை முதலிலிருந்து கவனிக்கவும்.' மறுபடி இருபது நிமிஷம். மறுபடி அதே பெரிய டாக்டர், அதே செருப்பு. இந்தத் தடவை 'இ'. சத்து மாத்திரை யாருக்கு என்ன கெடுதல் செய்தது? தவறு. மறுபடி இருபது நிமிஷம். அடுத்து 'அ'. தவறு.

அடுப்படியிலிருந்து ஆட்டுக்கறி வாசம் வந்தது. கூடவே குரலும் வந்தது.

"இருபது நிமிசப் பாடம் இன்னுமா முடியல?"

"நான் ஆழமாப் படிக்கிறேன்!"

நான்காவது தடவை வேறு வழியில்லாமல் 'ஈ'யை அமுக்கினேன். 'சரியான விடை. வாழ்த்துகள், டாக்டர்!' என்றது திரை. எனக்கு என்ன வியாதி என்று நானே கண்டுபிடித்துவிட்டேன்.

எழுந்து அடுப்படிக்குப் போனேன்.

"நாகு... ஒரு டெஸ்ட்டு எடுக்கணும்."

"எந்த டெஸ்ட்டு?"

"அதான்... கையில குத்தி எடுப்பியே."

"அந்த வார்த்த என் வாயில வரக்கூடாது. எழுதிக் குடுத்திருக்கேன்."

"என் வாயில வரலாம்ல? ரத்த டெஸ்ட்டு! போதுமா?"

"ஒரு வருசம்னு போட்டிருக்கு. அடுத்த ஆனியில பாப்போம்."

"அதுக்குள்ள என் காலு என்னாகுறது?" அவள் கையைக் கரண்டியோடு பிடித்துக்கொண்டேன். "பயமா இருக்கு நாகு. எங்கப்பா காலெடுத்த அன்னைக்கு அந்த ரூமு வாசல்ல நான்தான் நின்னேன்."

அவள் அடுப்பை அணைத்தாள். சிரிக்கவில்லை.

"மூணு வருசமாக் கேட்டேனே, இத ஒரு வார்த்த சொன்னீகளா?" கண்ணைத் துடைத்துக்கொண்டு அலமாரிக்கு அடியில் கையை விட்டாள். என் வலது கால் செருப்பை எடுத்து முன்னால் போட்டாள். "உங்க கடையில டயர் கழட்டுற பால்ச்சாமி அண்ணன் மறுநாளே கொண்டாந்து குடுத்தாக. ஜாக்கிக்குப் பக்கத்துல கெடந்துச்சாம்."

"அப்ப உன் படிப்பு? பதிவு?"

"அத உங்கள நம்பியா விடுவேன்? பங்குனியிலயே முடிச்சாச்சு. முடிச்ச பாடத்தத் திரும்பப் போட்டுப் பாக்கலாம். அதத்தான் போட்டு விட்டேன்."

ஒப்பந்தச் சீட்டை நானே நாலாகக் கிழித்தேன். கிழித்து முடிப்பதற்குள் மேஜைக்கு ஒரு டப்பா வந்துவிட்டது. ஊசி, பஞ்சு, சின்னக் குப்பி. குப்பியில் என் பெயரும் அன்றைய தேதியும் முந்தியே ஒட்டியிருந்தன. ஊசியைப் பார்த்ததும் பழைய விஜயபாண்டி எட்டிப் பார்த்தான். நாலு தடவை கேட்ட பாடம் சும்மா போகுமா?

"இரு இரு! ராத்திரியில இருந்து எதுவும் சாப்பிடாம, வெறும் வயித்துல எடுக்கணுமாம். அந்த டாக்டரு சொன்னாரு. முறைப்படி இன்னொரு நாளைக்கு எடுப்போம்" என்று டாக்டருக்கே பாடம் எடுத்தேன்.

அவள் என் கையில் ரப்பர் பட்டையை இறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"காலையில இருந்து காபி ஏன் குடுக்கலன்னு நெனச்சீக?"