எட்டு ஹீட்டரும் ஒரே நொடியில்

தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் நல்ல பழக்கம் எனக்குக் கல்யாணத்துக்குப் பிறகுதான் வந்தது. அதற்கு முன்னால் எனக்கு எல்லாம் தெரியும்.

செண்பகாவும் நானும் சென்னையில் ஒன்றாக வேலை பார்த்தோம். அவள் அப்பாவுக்குக் குற்றாலத்தில் எட்டு அறை லாட்ஜ். என்னைப் பார்த்த பிறகுதான் கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்வேன் என்று கூப்பிட்டிருந்தார். நல்ல சீசன் நேரம். நான் போனபோது மேனேஜர் பரமசிவம் அண்ணாச்சி வராந்தாவில் நின்று, அறைகளின் வெந்நீர் ஹீட்டர் சுவிட்சுகளைப் போட்டுக்கொண்டிருந்தார். முதலில் இரண்டு அறைக்கு. அதை அணைத்துவிட்டு அடுத்த இரண்டுக்கு.

ஏன் இரண்டிரண்டாக என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். (கேட்டால் நான் இன்ஜினியர் இல்லையே!)

"மாமா, இதையெல்லாம் கம்ப்யூட்டரே பார்த்துக்கும்" என்றேன், பக்கத்தில் நின்ற செண்பகாவின் அப்பாவிடம்.

"பாத்துக்கிடுமா தம்பி?" என்றார். அந்தத் 'தம்பி'யை 'மாப்பிள்ளை' ஆக்கிவிட வேண்டும் என்று எனக்கு வெறி வந்துவிட்டது.

தென்காசியில் சாமான் வாங்கி, சுவிட்சுகளை லாட்ஜ் ஆபீஸ் கம்ப்யூட்டரோடு இணைத்தேன். அதற்கு எட்டு கோர். அதாவது உள்ளே எட்டுப் பேர் தனித்தனியாக, ஒரே நேரத்தில் வேலை பார்ப்பது மாதிரி. அறைக்கு ஒரு லூப், லூப்புக்கு ஒரு கோர். காலை ஏழு மணியிலிருந்து பத்து நிமிஷம் போடு, பத்து நிமிஷம் அணை, மறுபடி முதலிலிருந்து. ஒவ்வொரு லூப்பாக ஓட்டிப் பார்த்தேன், எட்டும் பாஸ். எட்டையும் சேர்த்து ஓட்டிப் பார்க்கத்தான் தோன்றவில்லை.

மறுநாள் காலை அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை எண்ணெய் தேய்த்துக்கொண்டு போனவர்கள் அப்படியே லாட்ஜுக்குத் திரும்பி வந்தார்கள். எல்லாருக்கும் உடனே வெந்நீர் வேண்டும். மாமா என்னைப் பார்த்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

சரியாக ஏழு மணி. எட்டு லூப்பும் ஒரு நொடி பிசகாமல் எட்டு ஹீட்டரையும் போட்டன. டப்பென்று மெயின் ஃபியூஸ் போனது.

"மொத்தமா போட்டா லைன் தாங்காதுன்னுதானடே ரெண்டு ரெண்டா போடுதேன்!" என்றார் அண்ணாச்சி. ஃபியூஸைக் கட்டி, ஏழே காலுக்குக் கரண்ட் வரவழைத்துவிட்டார். நானும் நிம்மதியாக மூச்சு விட்டேன். ஆனால் கம்ப்யூட்டர் யுபிஎஸ்ஸில் இருந்தது. அது பாட்டுக்கு நேரத்தை எண்ணிக்கொண்டிருந்தது. ஏழு இருபதுக்கு மறுபடி டப்!

"இங்கன எண்ணெயோட நிக்குதாங்க, அங்கன பெட்டி பச்ச லைட்டு காட்டுது" என்று மாமா தலையில் கை வைத்துக்கொண்டார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. வயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, சமையற்கட்டு அடுப்பில் அண்டாவை ஏற்றினேன். மாடிக்கும் கீழுக்குமாக வாளி சுமந்தேன். எண்ணெய்ப் படிக்கட்டில் இரண்டு முறை விழுந்தேன். கடைசி அறைக்கு ஊற்றிவிட்டுத் திரும்பினால், மாமா காபியோடு நிற்கிறார்.

"வாளி தூக்குததுல ஒரு கொறையும் இல்ல. குடிங்க மாப்பிள்ளை."

கல்யாணமாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. இன்றைக்கும் அந்த வீட்டில் விசேஷம் என்றால், இலை போட்டதும் பரமசிவம் அண்ணாச்சி பந்தி நடுவில் வந்து சத்தமாகச் சொல்வார்:

"ரெண்டு ரெண்டு பேரா உக்காருங்க. மாப்பிள்ளை ஊருக்கு வந்திருக்காரு."