அப்பாவின் கிண்ணியா மில்

திருகோணமலை,
14.06.1979

பெருமதிப்புக்குரிய அண்ணா ஞானசேகரம் அவர்களுக்கு,

தம்பி பாக்கியரத்தினம் மிகுந்த பணிவோடும் அதைவிட மிகுந்த பயத்தோடும் எழுதிக்கொள்வது. இங்கு நானும் குணேஸ்வரியும் சுகம். அவளுடைய வலது முழங்கால் மட்டும் சுகமில்லை. அங்கு கொழும்பில் நீங்களும் அண்ணியும் மணப்பெண்ணான மகள் புஸ்பராணியும் சுகமாக இருக்கக் கோணேசப் பெருமானை வேண்டுகிறேன். இந்தக் கடிதத்தை நின்றுகொண்டு வாசிக்க வேண்டாம். கதிரையில் இருந்து, அண்ணியிடம் ஒரு கிளாஸ் தண்ணீரும் வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசிக்கவும்.

போன மாதம் நீங்கள் இட்ட கட்டளையை நான் மறக்கவில்லை. புஸ்பராணிக்குப் பேசியிருக்கும் இடம் மட்டக்களப்புத் தம்பிராசா வீடு, மூன்று தலைமுறையாக அரிசி மில் வைத்திருக்கிறவர்கள், மில் வீட்டுக்கும் மில் வீட்டுக்கும் சம்பந்தம் என்றுதான் மனிதர் ஓம் சொன்னார், கல்யாண மலரிலே இரண்டு வீட்டு மில் வரலாறும் பக்கத்துப் பக்கத்தில் அச்சாக வேண்டும் என்று நிற்கிறார், ஆகவே நம் தகப்பனார் கனகரத்தினம் 1927இல் கிண்ணியாவில் தொடங்கிய நெல் மில்லைப் பற்றி ஆராய்ந்து பத்துப் பக்கம் எழுது, பென்சன் எடுத்துக்கொண்டு சும்மாதானே இருக்கிறாய் என்று எழுதியிருந்தீர்கள். அந்தச் 'சும்மாதானே'யைக் குணேஸ்வரி இரண்டு தரம் சத்தமாக வாசித்துக் காட்டினாள்.

நமக்குத் தெரிந்த வரலாறு என்ன? விறாந்தையிலே தொங்குகிற அந்தப் படம் ஒன்றுதானே. பின்னாலே பெரிய எஞ்சின். நடுவிலே கதிரையில் அப்பா, கழுத்திலே மாலை, மீசையிலே பெருமை. இரண்டு பக்கமும் நாலைந்து பேர் நிற்கிறார்கள். ஒரு கரையிலே தவிட்டுக் கூடையைப் பிடித்துக்கொண்டு, சாரமும் பெனியனுமாக ஒரு மெலிந்த மனிதர். அவரை நாம் சின்ன வயதிலிருந்து 'அப்பாவின்ரை வேலையாள்' என்றுதான் சொல்லி வந்திருக்கிறோம். படம் எடுத்து இரண்டு வருடத்தில் அப்பா கண்ணை மூடிவிட்டார். எனக்கு ஐந்து வயது, உங்களுக்கு எட்டு. மில் யாரோ கைக்குப் போய்விட்டது என்று நாமே முடிவு கட்டி, நாமே கோபித்துக்கொண்டு, இந்த ஐம்பது வருடமும் கிண்ணியா மில் அரிசியைக் குசினிப் படி ஏறவிடாமல் ரோஷத்தோடு வாழ்ந்துவிட்டோம்.

சரி, ஆராய்ச்சிக்கு வருகிறேன். முதலில் பழைய பதிவுகள் இருக்கிற ஒரு கந்தோருக்குப் போனேன். மூன்று நாள் வாங்கில் குந்தியிருந்த பிறகு, தும்மிக்கொண்டே வந்த ஒரு தம்பி, '1927' என்று போட்ட தடித்த கோப்பொன்றைத் தந்தான். ஒரு நாள் முழுக்க மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வாசித்து, பதினாறு பக்கம் குறிப்பும் எடுத்த பிறகுதான் அது மாட்டுத் தொழுவங்களைப் பற்றிய கோப்பு என்று விளங்கியது. ஆனாலும் எடுத்த குறிப்பை எறிய மனம் வராமல் பையிலே வைத்துக்கொண்டு, அடுத்த நாள் கிண்ணியாவுக்குப் புறப்பட்டேன். துறையடியில் ஒரு மணித்தியாலம் காய்ந்து, ஒருவாறு அந்த மிதவைப் பாதை வந்து சேர, லொறி, சைக்கிள், மீன்கூடை எல்லாவற்றோடும் நானும் ஏறினேன். நடுக்கடலிலே ஆராவது அறிஞ்ச முகம் இருக்கிறதோ என்று பார்த்துக்கொண்டு நிற்க, பின்னாலே நின்ற ஆடொன்று என் பைக்குள் தலையை விட்டு அந்தப் பதினாறு பக்கத்தையும் சாப்பிட்டுவிட்டது. ஆட்டுக்காரர் என்னைத்தான் ஏசினார். "மை போட்ட கடதாசியக் குடுத்து என்ட ஆட்டக் கொல்லப் பாக்கிறீங்களா?" என்றார். பாதையில் நின்ற அத்தனை பேரும் ஆட்டின் பக்கம்.

மில் இருக்கிறது, அண்ணா. இன்னும் ஓடுகிறது. இப்போதைய முதலாளி அலியார், எழுபது வயதிருக்கும், சாக்குகளுக்கு நடுவே நின்றவர் என்னைக் கண்டதும் ஓடிவந்து ஒரு கதிரையைத் துடைத்துப் போட்டார். "இரிங்க ஐயா, மொதல்ல தேத்தண்ணி குடிங்க. கதை பொறகு," என்றார். நான் இருக்கவில்லை. ஐம்பது வருடக் கோபம் அல்லவா, இருந்தால் இளகிவிடும் என்று நின்றுகொண்டே படத்தை எடுத்து நீட்டினேன். "இது எங்கட அப்பா. இந்த மில்லைத் தொடங்கினவர். இந்தக் கரையிலை கூடையோடை நிக்கிற வேலையாளின்ரை பேர் மட்டும் எங்களுக்குத் தெரியாது. வரலாற்றிலை அவரையும் ஒரு வரி சேர்க்கலாம் எண்டு நினைக்கிறன்," என்றேன். எவ்வளவு தாராளமனம் பாருங்கள் எனக்கு!

அலியார் படத்தை வாங்கி, கூடையோடு நின்ற மனிதரின் மேலே விரலை வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அவர்தான் ஐயா எங்கட வாப்பா. முஹம்மது தம்பி. இந்த மில்லக் கட்டினவரு."

அப்போதுதான் நான் கதிரையில் இருந்தேன்.

அலியார் உள்ளே போய் அதே படத்தைக் கொண்டுவந்தார். அவர்களுடையது நம்முடையதைவிடப் பெரிது, கண்ணாடியும் வெடிக்கவில்லை. பின்பக்கத்திலே எல்லோருடைய பெயரும் எழுதியிருக்கிறது. விஷயம் இதுதான் அண்ணா. புது மில் திறக்கிற அன்று முதலாளி தன் நெல்லை முதலில் போடமாட்டார். வெளியாள் ஒருவர், கைராசி உள்ளவர் என்று ஊர் சொல்லுகிற ஒருவர், அவருடைய மூட்டைதான் முதலில் விழ வேண்டும். அவருக்குக் கதிரை, மாலை, தேத்தண்ணி, படம். முதலாளி, வீட்டுக்காரர் என்றபடியால், விருந்தாளிக்கு முன்னால் இருக்காமல் கரையிலே நிற்பார். அன்றைக்குத் தம்பலகாமத்திலிருந்து மாட்டுக் கரத்தையில் ஒரேயொரு மூட்டை நெல்லோடு வந்த கைராசிக்காரர்தான் நம் அப்பா. அவர் மில் தொடங்கவில்லை அண்ணா. அவர் நெல்லுக் குத்தப் போனவர்.

ஒரு மூட்டை. அந்த ஒரு மூட்டையில் ஏறித்தான் நாம் ஐம்பது வருடம் மில் முதலாளி பரம்பரையாக நடந்திருக்கிறோம். எனக்கு வெட்கத்திலே காது கொதித்தது. அந்த மனிதரின் தகப்பனை அவருடைய மில்லுக்குள்ளேயே நின்று வேலையாள் என்று சொல்லிப்போட்டேனே! மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தால் அலியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். "வாப்பா கேட்டிருந்தா அவரும் சிரிச்சிருப்பாரு. பெனியனோட படத்துக்கு நிக்காதீங்க எண்டு எங்கட உம்மா அண்டைக்கே ஏசினவ. ஒங்கட வாப்பாட கைராசிதான் ஐயா, எஞ்சின் இன்னும் ஓடுது," என்றார். கல்யாண விஷயத்தை முழுக்கச் சொன்னேன். உடனே சிரிப்பை நிறுத்திவிட்டு, "குமருப் புள்ளட காரியம். அதுல வெளையாடக் கூடா. நீங்க ஒங்கட மில்லுண்டே எழுதுங்க. ஆரும் வந்து கேட்டா நானும் ஓமெண்டு சொல்லுவன்," என்றார். வரும்போது அரை மூட்டை அரிசியும் கட்டித் தந்தார். குணேஸ்வரி நேற்று அதைச் சமைத்தாள். அண்ணா, ஐம்பது வருடம் நாம் என்ன அருமையான சோற்றை விட்டிருக்கிறோம்!

ஆனாலும் நான் முடிவெடுத்துவிட்டேன். முப்பத்திநாலு வருடம் துறைமுகக் கந்தோரிலே ஒரு பொய்க் கையெழுத்துப் போடாதவன் நான். பொய்யிலே ஒரு பிள்ளையைக் கட்டிக்கொடுக்க என்னால் ஏலாது. தம்பிராசா நாளைக்கு உண்மையை அறிந்தால் அந்தப் பேச்சை நீங்களும் நானும் கேட்கப் போவதில்லை, அந்த வீட்டிலே வாழப்போகிற புஸ்பராணிதான் கேட்க வேண்டும். ஆகவே அண்ணா, கோபிக்காமல் அவருக்கு இன்றைக்கே உண்மையை எழுதுங்கள். கல்யாணக் கார்டிலே 'மில் அதிபர் கனகரத்தினத்தின் பேத்தி' என்று போட்டிருந்தால் வெட்டுங்கள். சம்பந்தம் குழம்பினால் குழம்பட்டும், நம் பிள்ளைக்கு என்ன குறை? நீங்கள் எழுதத் தயங்கினால் நானே அந்த மனிதரின் முகத்துக்கு நேரே சொல்லுவேன். எனக்கு ஒரு பயமும் கிடையாது.

அண்ணிக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். புஸ்பராணிக்குச் சித்தப்பா சித்தியின் ஆசீர்வாதம். அவள் எந்த வீட்டுக்குப் போனாலும் நிமிர்ந்து நடக்க வேண்டும். உங்கள் இரத்த அழுத்தத்தைக் கவனித்துக்கொள்ளவும்.

என்றும் உண்மை தவறாத தம்பி,
பாக்கியரத்தினம்

பி.கு.: உறையை ஒட்டிக்கொண்டிருக்கும்போது வாசலிலே கார் வந்து நின்றது. இறங்கியவர் தம்பிராசா. நமக்குச் சொல்லாமல் காலையிலேயே கிண்ணியாவுக்குப் போய் மில்லைப் பார்த்துவிட்டு வருகிறார். அலியார் சொன்ன சொல்லைக் காப்பாற்றி, மில் நம்முடையது, தான் மனேச்சர் என்று சொல்லி, கோழி அடித்துச் சோறும் கொடுத்து அனுப்பியிருக்கிறார். "அப்படியொரு எஞ்சின நான் இன்னும் காணல்ல," என்று தம்பிராசா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நகை நட்டு ஒண்டும் வேணாம். அந்த மில்ல எங்கட மகன்ட பேருல எழுதித் தந்தாக் காணும்." உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன் அண்ணா, சத்தியமாகத் திறந்தேன். ஆனால் மனிதருக்குக் கண் கலங்கியிருந்தது. முப்பத்திநாலு வருடம் மேலதிகாரிகள் சொன்னதற்கெல்லாம் ஆடிப் பழகின தலை, தானாக ஆடிவிட்டது. அந்த இடத்திலேயே வெற்றிலைத் தட்டு மாற்றிக்கொண்டு, சந்தோஷமாகப் போய்விட்டார். ஆகவே மேலே எழுதியதை விட்டுவிட்டு இதை மட்டும் கவனிக்கவும்: புஸ்பராணிக்கு நாம் கிண்ணியா மில்லைச் சீதனமாகக் கொடுக்கிறோம். அலியாருக்கு இன்னும் தெரியாது.